கொலைகாரனுக்கு இரவல் கொடுத்த நடை

சத்தம்மா வீட்டு அடுப்புக்கு வந்துசேரும் காய்கறிகளில் ஒன்றுகூட நல்ல சாவு செத்ததில்லை. முட்டைக்கோஸ் நெஞ்சில் கத்திக்குத்து வாங்கியிருக்கும். கேரட் விரல்விரலாக முறிந்திருக்கும். தர்பூசணி மண்டை பிளந்து, துணிப்பையில் ஒழுகிக்கொண்டே மாடியேறும். "இன்னிக்கு யாரும்மா?" என்று மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி கேட்பாள். "வக்கீல். பொண்டாட்டியோட தம்பி குத்திட்டான்" என்று சொல்லிக்கொண்டே சத்தம்மா பரிமாறுவாள். அவள் கணவர் எடுத்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, "நல்லா கழுவினியா?" என்பார்.

அவள் வேலை அப்படி. சினிமாவில் ஒருவன் நடந்தால் கேட்கிறதே காலடிச் சத்தம், அது பெரும்பாலும் அவன் காலடி இல்லை. படம் எடுக்கும்போது பின்னால் லாரி போகும், விளக்குப் பிடிப்பவர் தும்முவார், அந்தச் சத்தமெல்லாம் உதவாது. அதனால் பிற்பாடு ஒரு மூடிய அறையில் திரையில் படத்தை ஓடவிட்டு, மைக்குக்கு முன்னால் நின்று, எல்லாவற்றையும் புதிதாகச் செய்து சேர்ப்பார்கள். நடிகர் நடந்தால் அவளும் நடப்பாள். நடிகை புடவையை இழுத்துச் செருகினால் இங்கே அவள் ஒரு துணியைக் கசக்குவாள். எலும்பு முறிய கேரட், குத்துக்கு முட்டைக்கோஸ். முத்தத்துக்கு அவள் தன் புறங்கையையே பயன்படுத்துவாள். அந்தக் கையைப் பார்த்தால் எத்தனை கதாநாயகர்களைக் கரையேற்றியிருக்கிறது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. ஒலிப்பதிவுக் கூடத்தில் வைத்ததுதான் சத்தம்மா, அதுவே நிலைத்துவிட்டது. அங்கே முதலில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். ஒரு நாள் கூட்டம் ஓடுகிற காட்சிக்குக் கால் பற்றவில்லை என்று அவளையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஓடினாள். அன்றைக்கு உள்ளே போனவள் அதற்கப்புறம் தொலைபேசிப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பள்ளிக்கூட நாளிலேயே அவளுக்குப் பாம்புக் காது. தாழ்வாரத்தில் எந்த வாத்தியார் வருகிறார், என்ன கோபத்தில் வருகிறார் என்று நடையைக் கேட்டே சொல்லிவிடுவாள். வகுப்பே அவளை நம்பித்தான் ஆட்டம் போட்டது.

உறவுக்காரர்கள் யாரும் பழைய செருப்பைக் குப்பையில் போடுவதில்லை. சத்தம்மாவுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தின் மூலையில் ஒரு சாக்கு நிறைய சித்தப்பாவின் பூட்ஸ், நாத்தனாரின் குதிகால் உயர்ந்த செருப்பு, மகளின் பள்ளிக்கூட ஷூ எல்லாம் கலந்து கிடக்கும். அதில் அவள் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போட்டுத் தேய்த்த ரப்பர் ஷூ ஒரு ஜோடியும் கிடந்தது. அந்த ஜோடிதான் இந்தக் கதையில் வம்பை இழுத்துவிட்டது.

கணவர் பிசியோதெரபிஸ்ட். எலும்பு முறிந்து படுத்தவர்களை எழுப்பி நிறுத்தி, "குதிகால், பாதம், விரல்... குதிகால், பாதம், விரல்..." என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லி மறுபடி நடக்கவைப்பவர். வேடிக்கை என்னவென்றால் அவர் நடையே கோணல். இளவயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் இடது கணுக்கால் உடைந்து, அரைகுறையாகச் சேர்ந்துவிட்டது. வலது கால் 'டக்' என்று விழும், இடது கால் 'சர்ர்' என்று இழுபடும். தன் காலைச் சரிசெய்ய அவருக்குத் தோன்றியதே இல்லை. மனிதர் அவ்வளவு சாது. கரப்பான்பூச்சியைக்கூட அட்டையில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விட்டு வருவார்.

சின்னச் சின்னச் சத்தங்களைச் சத்தம்மா வீட்டிலேயே பதிவுசெய்வாள். பின்னறைச் சுவரில் பழைய மெத்தைகளைச் சாத்திவைத்து, ஒரு சின்ன ரெக்கார்டரோடு உட்கார்ந்துவிடுவாள். கல்யாணமான புதிதில் ஒரு மாலை, மழைத்துளி இலையில் விழுகிற சத்தத்துக்காகப் பாதி நாள் போராடி, கடைசியில் அது சரியாக வந்துகொண்டிருந்த நேரத்தில், கணவர் கதவைப் படாரென்று திறந்து, "எனக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு!" என்று கத்திவிட்டார். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். அப்புறம் சமாதானமாகி இருவரும் சிரித்தார்கள், வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். அவள் அதை அத்தோடு மறந்துபோனாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் இருட்டு வந்துசேர்ந்தார்.

இருட்டு என்பது அந்த டைரக்டருக்குக் கூடத்துக்காரர்கள் வைத்த செல்லப்பெயர். படமும் இருட்டு, சட்டையும் கறுப்பு, ஒலிப்பதிவு அறைக்குள் வந்தால் முதல் வேலையாக விளக்கை அணைக்கச் சொல்வார். சொந்தமாக ஒரு கதை எழுத மாட்டார். "ஏற்கனவே ஒருத்தர் ராப்பகலா உட்கார்ந்து நல்லா எழுதிவச்சிருக்காரு. நான் வேற எதுக்குக் கெடுக்கணும்?" என்பார். ஒரு நாடகத்தையோ நாவலையோ எடுத்துக்கொண்டு, அட்டை கிழிகிறவரை படித்து, அதைப் படமாக்குவார். எல்லாம் கொலை, துரோகம், குடும்பத்துக்குள்ளேயே குழிபறிப்பு.

ஆனால் அவர் படத்தில் ஒரு கொலையைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். "நாடக மேடையில கொலையைக் காட்டினா பெரிய தொந்தரவும்மா. ரத்தத்தைத் துடைக்க ஆள் வேணும். செத்தவர் கடைசியில கைதட்டல் வாங்க எழுந்து வரணும். அதனால நாடகம் எழுதறவங்க கொலையைக் கதவுக்குப் பின்னால அனுப்பிடுவாங்க. ஜனங்க கதவைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அந்தப் பயம் இருக்கே, அது எனக்கு வேணும்."

ஆக, கேமரா சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும், காது மட்டும் உள்ளே போகும். வேறு மாதிரி சொன்னால், அவர் படங்களில் கொலை செய்தது முழுக்க சத்தம்மாதான். முதல் படம் ஒரு நாடகம், ஒரே அறை, அப்பாவின் வீட்டைப் பங்குபோட வந்த அக்கா தங்கை. இரண்டாவது ஒரு நாவல், மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஊரையே மெல்ல மெல்ல முடிக்கிறார். கணவர் முதல் படத்தைப் பார்க்கப் போய், இடைவேளைக்கு முன்பே வெளியே வந்து நின்றுகொண்டார். "நீ பண்ணின சத்தம்தான்னு மூளைக்குத் தெரியுது, வயித்துக்குத் தெரியலையே" என்றார். அதற்கப்புறம் இருட்டின் படம் என்றால் அவர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மூன்றாவது படமும் நாவல். மாடி வீட்டில் தனியாக வாடகைக்கு இருக்கிறாள் ஒருத்தி. சாயங்காலமானால் யாரோ படியேறி வருகிறார்கள். அவள் கதவுக்கு முன்னால் நிற்கிறார்கள். திரும்பிப் போய்விடுகிறார்கள். ஒரு நாள் போகவில்லை. அந்த நாவலாசிரியர் படியேறி வருவதை மட்டுமே பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். இருட்டு புத்தகத்தை விரித்து அவள் முன்னால் வைத்தார். "இதை என்னால எடுக்க முடியாது. கேமராவை வச்சா ஒரு கதவுதான் தெரியும். இந்தப் பக்கங்களை நீங்கதான் நடந்து காட்டணும்."

சத்தம்மா நடந்தாள். சித்தப்பாவின் பூட்ஸில் நடந்தாள். தோல் ஷூவில் நடந்தாள். வெறுங்காலில், ஈரக்காலில், பூனை மாதிரி, யானை மாதிரியெல்லாம் நடந்தாள். எல்லாவற்றுக்கும் இருட்டு தலையை ஆட்டி, "இது வில்லன் நடை. வில்லன்னு தெரிஞ்சா அவ கதவைப் பூட்டிக்குவாளே. எனக்குத் தினமும் வர்ற ஆள் வேணும்" என்றார்.

கால் கடுத்துப்போன ஒரு மத்தியானம், சாக்கில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு, எதையும் யோசிக்காமல் நடந்தாள். டக்... சர்ர்... டக்... சர்ர்... மரப்பலகையில் படியேறினாள். கதவுக்கு முன்னால் வந்ததும் கால் தானாக நின்றது. ஒன்றுமே கேட்காத ஒரு இடைவெளி. அதன் பிறகு சாவி.

திரும்பிப் பார்த்தால் இருட்டு நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். "விளக்கைப் போடுங்க" என்றார். அந்த அறையில் அவர் விளக்கைப் போடச் சொன்னது அதுதான் முதல் தடவை. "கதவு முன்னால நிக்கிறீங்களே, அது எங்கேருந்து வந்துச்சு? நாவல்லகூட அது இல்லையே! சாவியை மட்டும் எடுத்துடுங்க. நிக்கறதை அப்படியே வச்சிருங்க."

எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை. சாயங்காலம் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கீழே படியில் டக்... சர்ர்... டக்... சர்ர்... என்று கேட்டது. கதவுக்கு வெளியே நின்றது. ஒரு இடைவெளி. பிறகு சாவி. "வந்துட்டேன்" என்று கணவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் காலையே பார்த்தாள்.

மறுநாளே போய், "சார், வேற நடை பண்ணித் தரேன்" என்றாள். "ஏன்?" என்றார் இருட்டு. என்ன சொல்வாள்? பயங்கரமான ஒரு நடையைத் தேடிக்கொண்டு உலகமெல்லாம் சுற்றி, கடைசியில் கட்டின புருஷன் நடையைக் கொண்டுவந்து வைத்தேன் என்றா? மென்று முழுங்கினாள். படம் முடிந்தது.

அவள் நல்ல காலம், படம் படுத்தது. வந்த சுவடு தெரியாமல் போனது. இருட்டுக்கு முகமே செத்துவிட்டது. சத்தம்மா அவருக்காக வருத்தப்பட்டாள், மனதுக்குள் அப்பாடா என்று பெருமூச்சும் விட்டாள். இரண்டும் உண்மைதான்.

ஆனால் இருட்டின் படங்களுக்கு ஒரு குணம், செத்தபிறகுதான் உயிர் வரும். அடுத்த வருஷம் ஒரு சின்னத் தியேட்டர்காரர், ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போட்டுவைப்போமே என்று அந்தப் படத்தைப் போட்டார். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். அந்த நாலு பேரும் அடுத்த வாரம் கூட்டத்தோடு வந்தார்கள். கொஞ்ச நாளில் தியேட்டர் நிரம்பி வழிந்தது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள், வசனத்தைக் கூடவே சொன்னார்கள். அந்த நடை வந்ததும் தியேட்டரே சேர்ந்து தரையில் காலைத் தட்டி இழுத்தது: டக்... சர்ர்... கதவு வந்ததும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

மகளும் சிநேகிதிகளோடு போய்விட்டு வந்தாள். வந்தவள் நேராக அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா, அது அப்பா."

"எது?"

"நடிக்காதம்மா. எல்லாரும் அலறுறாங்க, நான் மட்டும் எழுந்து நின்னுட்டேன். எதுக்குத் தெரியுமா? கதவைத் திறக்க! அப்பா வந்துட்டாருன்னு கால் தன்னால எழுந்துடுச்சு." சொல்லிவிட்டு முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ஏம்மா, அப்பா நடையைக் கேட்டா உனக்குக் கொலைகாரன் ஞாபகம் வருதா?"

"சீச்சீ, வாயை மூடு" என்றாள் சத்தம்மா. ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. மகளே இப்படிக் கேட்கிறாள் என்றால் அவர் என்ன நினைப்பார்? இத்தனை வருஷம் தன் காலடிச் சத்தம் கேட்டு இவள் உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தாளோ என்று நினைத்துவிட்டால்? இருபது விதமாகச் சொல்லிப் பார்த்தாள், ஒன்றும் தேறவில்லை. பேசாமல் இருந்துவிடலாம், அவர்தான் அந்தப் பக்கம் போகமாட்டாரே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அவர் போகவில்லை. படம்தான் அவரைத் தேடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தது. கால் உடைந்து படுத்திருந்த ஒரு கல்லூரி மாணவன், தாழ்வாரத்தில் அவர் வருகிற சத்தம் கேட்டு போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டானாம். வெளியே எட்டிப் பார்த்து, "சார், நீங்களா? அப்படியே அந்தப் படத்துல வர்ற நடை சார்! கொஞ்சம் மறுபடி நடந்து காட்டுங்களேன்" என்றானாம். நர்சுகள் சிரித்திருக்கிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, "ஞாயித்துக்கிழமைக்கு மூணு டிக்கெட் சொல்லிட்டேன். நீ என்னதான் பண்ணிவச்சிருக்கேன்னு பார்த்துடுவோமே" என்றார். சத்தம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

தியேட்டரில் அவர் நடுவில் உட்கார்ந்தார். முதல் பாதி முழுக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தார். நடை வந்தது. சுற்றிலும் பிள்ளைகள் தரையைத் தட்டி இழுத்தார்கள். முதலில் அவருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது, காலைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். அப்புறம் திரையில் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. கதவைப் பார்த்துக்கொண்டு, நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். காலடி கதவுக்கு முன்னால் வந்து நின்றது. தியேட்டரே மூச்சை நிறுத்தியது. கணவர் மெல்லத் திரும்பி சத்தம்மாவைப் பார்த்தார். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திரும்பி வருகிற வழியில், "நல்லா பண்ணியிருக்கே. எல்லாரும் என்னமா பயப்படறாங்க" என்றார். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பூசி மெழுக அதற்குள் நாலு வார்த்தை தேற்றி வைத்திருந்தாள். அவர்தான் கேட்கவே இல்லை.

அடுத்த நாளிலிருந்து படியில் ஒரு புதுச் சத்தம் கேட்டது. நிதானமாக, எண்ணி எண்ணி வைக்கிற காலடி. அவள் காதுக்கு அது என்னவென்று புரிய வெகுநேரம் ஆகவில்லை. குதிகால், பாதம், விரல். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்ததை மனிதர் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் மொட்டைமாடிக்குப் போய்ப் பயிற்சி செய்தார். கெட்டிக்காரர்தானே, சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. முதலில் 'சர்ர்' போனது. பிறகு 'டக்'கும் போனது. கொஞ்ச நாளில் அவர் வருவதும் போவதும் யாருக்கும் கேட்பதில்லை.

வீடு சப்பென்று ஆகிவிட்டது. சாயங்காலம் ஆனால் சத்தம்மா கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். ஒன்றும் வராது. அந்தச் சத்தம் கேட்டால்தான் தன் நாள் முடிகிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை நினைத்து அழுகைகூட வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள்.

ஒரு நாள் அடுப்பில் கிளறிக்கொண்டிருந்தவள் எதேச்சையாகத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஒரு ஆள்! "ஐயோ அம்மா!" என்று அவள் போட்ட கூச்சலில் கரண்டி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம் பறந்தன. இருட்டு கேட்டிருந்தால் அப்படியே படத்தில் சேர்த்திருப்பார். அவள் கணவர்தான் நின்றுகொண்டிருந்தார், கையில் காய்கறிப் பையோடு, பேயறைந்த மாதிரி.

"என்னாச்சு? இப்பதான் சத்தமே போடாம வர்றேனே! இன்னும் பயமா?"

"இப்பதாங்க பயம்!" என்று கத்தினாள் சத்தம்மா. அடக்கி வைத்திருந்ததெல்லாம் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. "பூனை மாதிரி வந்து நின்னா பயப்படாம என்ன செய்வாங்க? உங்களை யாரு இப்படி நடக்கச் சொன்னது? தினமும் வர்ற ஆள் வேணும்னு அந்த மனுஷன் கேட்டாரு. எனக்குத் தினமும் வர்ற ஆள் வேற யாரு இருக்கா? எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச நடை உலகத்திலேயே அது ஒண்ணுதான். அதைப் போட்டா அவங்க பயப்படறாங்க. நான் பயப்பட்டேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவர் காய்கறிப் பையைக் கீழே வைத்தார். "நிஜமாவா?" என்று கேட்டார்.

"பின்னே? சாயங்காலம் அதைக் கேட்டாத்தான் எனக்கு மூச்சே சீரா வருது. இத்தனை நாளா அது இல்லாம எப்படி இருக்கேன்னு கேட்டீங்களா?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "அந்த நடையில அவங்களைப் பயமுறுத்தறது நடைகூட இல்ல. கதவு முன்னால வந்து நிக்கறீங்களே, அதுதான். தியேட்டரே செத்துப் பிழைக்குது. மாடியேறினதுல மூச்சு வாங்குதுன்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கேன். டாக்டர்கிட்ட காட்டணும்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!"

"மூச்சா? எனக்கென்ன மூச்சு?" என்றார் அவர். "நீ பின்னறையில பதிவு பண்ணிக்கிட்டு இருப்பியோன்னு நிப்பேன். அன்னிக்கு மழைத்துளியைக் கெடுத்துட்டேனே, ஞாபகம் இல்லையா? அதிலேருந்து கதவுல காதை வச்சுக் கேட்டுட்டுத்தான் உள்ள வருவேன். சத்தம் வந்தா நிப்பேன், நின்னுடுச்சுன்னா சாவியைப் போடுவேன்."

சத்தம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். கல்யாணமான புதிது என்றால் மகள் பிறப்பதற்கு முன்னால். இன்றைக்கு மகள் கல்லூரிக்குப் போகிறாள். ஊரில் உள்ள சத்தத்தையெல்லாம் காதால் அளக்கிறவள், தினமும் தன் வீட்டுக் கதவுக்கு வெளியே ஒரு ஆள் தன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றதை அறியாமல் போனாளே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு மேல் சந்தோஷம் பொங்கியது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பில் இருந்தது கருகிப்போனது. மூவரும் அன்றைக்கு வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். படியிறங்கும்போது, "அப்பா, மரியாதையா பழைய மாதிரி நட" என்றாள் மகள். பழக்கம் விட்டுப்போனதால் முதலில் அவருக்குச் சரியாக வரவில்லை.

இருட்டு இப்போது இன்னொரு நாடகத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். அதில் ஒருத்தி ரகசியமாகக் கடிதத்தைக் கிழிக்கிறாள். பழைய காகிதம், மெல்லிய கிழிசல், கேட்டும் கேட்காமலும் இருக்க வேண்டும். சத்தம்மா அதற்காகக் காலையிலிருந்து பின்னறையில் மெத்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தாளுக்கு மேல் தாளாகக் கிழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம்தான் அது கைகூடி வந்தது. ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விரலுக்கு நடுவில் காகிதம் நூலிழை நூலிழையாகப் பிரிந்துகொண்டிருந்தது.

படியில் கேட்டது. டக்... சர்ர்... டக்... சர்ர்... கதவுக்கு வெளியே வந்து நின்றது.

அவள் காகிதத்தைக் கிழிப்பதை நிறுத்தவில்லை. ரெக்கார்டரை அணைக்கவும் இல்லை.

"உள்ள வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.